கதவின் பெயர் லாபோர்த்

1

புதுச்சேரியில் லால் பகதூர் சாஸ்திரி வீதி என்று பலகை சொல்லும். பெரியவர்கள் வாயில் அது இன்னும் புஸ்ஸி வீதிதான். அந்த வீதியில் ‘ஃபுவாயே த்யூ சொல்தா’ என்று தெருவைப் பார்த்துப் பெயர் எழுதிய ஒரு கட்டிடம் இருக்கிறது. பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்துத் திரும்பிய புதுச்சேரிக்காரர்களின் மன்றம் அது. ‘ஃபுவாயே’ என்றால் கணப்பு, அடுப்பு, அதன் நீட்சியாக வீடு. ‘சொல்தா’வுக்கு உரை தேவையில்லை, அது இந்த ஊரில் தமிழ்ச் சொல்லாகிவிட்டது. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் ‘சொலுதாது’ என்று போர்த்துகீசிய வாடையோடு வரும் அதே ஆள்தான். ‘அது சொல்தா வீடு’ என்று இங்கே ஒருவர் சொன்னால், பிரான்சிலிருந்து மாதாமாதம் பணம் வரும் வீடு என்று அர்த்தம்.

ஆக, இது சிப்பாயின் அடுப்பங்கரை. நம் ஊரில் அடுப்பங்கரை என்பது எவரையும் விட்டுவிடும் இடமல்ல என்பதையும் சேர்த்தே இந்தப் பெயரை வாசிக்க வேண்டும். வீட்டின் திண்ணைவரை வரலாம், தாழ்வாரம்வரை வரலாம், அடுப்பங்கரைக்குள் நுழைய உறவு வேண்டும், அதாவது சாதி வேண்டும். பிரெஞ்சுக் குடியரசின் மூன்று சொற்களில் மூன்றாவதான சகோதரத்துவம், புதுச்சேரியில் எந்தெந்தச் சுவர்களுக்குள், யார் யாருக்கு, எந்தக் கதவு வழியாகக் கிடைத்தது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. சுதந்திரமும் சமத்துவமும் சட்டத்தில் எழுதிவிடக்கூடியவை. சகோதரத்துவத்துக்கு ஒரு கூடம் வேண்டும். கூடம் என்றால் சுவர். சுவர் என்றால் உள்ளே வெளியே.

2

சகோதரச் சங்கங்களின் கூடங்களைப் பற்றி ஐரோப்பியச் சிந்தனையாளர்கள் நிறையவே பேசியிருக்கிறார்கள். ஹாபர்மாஸ் 1962இல் வெளியிட்ட நூலில், பதினெட்டாம் நூற்றாண்டின் காப்பிக் கடை, வாசிப்புச் சங்கம், ஃப்ரீமேசன் லாட்ஜ் ஆகியவற்றைப் பொதுவெளியின் நாற்றங்கால்களாகக் காண்கிறார். பிரபுவும் வணிகனும் பட்டத்தைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு உள்ளே சமமாக உட்கார்ந்து பேசினார்கள் என்பது அந்தச் சித்திரம். ஃபூக்கோ 1967இல் ஆற்றிய உரையொன்றில் ‘வேற்றிடங்கள்’ பற்றிச் சொல்லும்போது, அத்தகைய இடங்கள் எல்லாவற்றுக்கும் திறப்பதும் மூடுவதுமான ஓர் ஏற்பாடு உண்டு என்கிறார். யாரும் சும்மா நுழைந்துவிட முடியாது. அனுமதியோ சடங்கோ தேவை. ஹாபர்மாஸ் உள்ளே நடந்த பேச்சைக் கேட்கிறார். ஃபூக்கோ கதவைப் பார்க்கிறார். காலனிய நகரம் ஒன்றை வாசிப்பதற்குக் கதவைப் பார்ப்பதே உதவும் என்று தோன்றுகிறது.

மேசன் லாட்ஜின் கட்டிட இலக்கணம் இதற்கு நல்ல உதாரணம். தலைவர் கிழக்கில் அமர்வார். தரை கருப்பும் வெள்ளையுமாகச் சதுரங்கக் கட்டம். சாலமோனின் ஆலயத்தை நினைவூட்டும் இரண்டு தூண்கள். கதவுக்கு வெளியே உருவிய வாளோடு ஒரு காவலர். அவருக்கு ஆங்கில மரபில் ‘டைலர்’ என்று பெயர். சென்னையில் எத்திராஜ் சாலையில் நிற்கும் ஃப்ரீமேசன்ஸ் ஹால் 1920களில் எழுந்த கட்டிடம். வெளியே செவ்வியல் பாணித் தூண்கள், உள்ளே என்ன என்பது வீதிக்குத் தெரியாது. வட இந்தியாவில் ஜனங்கள் இத்தகைய கூடங்களுக்கு ‘ஜாதூகர்’, மந்திரவாதி வீடு, என்று பெயர் வைத்தார்கள். பூட்டிய கதவைப் பற்றி வெளியே நிற்பவன் எழுதிய விமர்சனம் அது.

அந்தக் கதவு இந்தியர்களுக்கு எப்படித் திறந்தது? ஆற்காடு நவாப் முகமது அலியின் மகன் உம்தத்துல் உமரா 1770களிலேயே திருச்சிராப்பள்ளியில் மேசன் ஆகிவிட்டார். இளவரசனுக்குக் கதவு தானாகத் திறக்கும். ஆனால் கல்கத்தாவில் பி. சி. தத் என்ற வணிகர் நெடிய வழக்காடலுக்குப் பிறகுதான் 1872இல் உள்ளே போக முடிந்தது. இந்துக்கள் பல தெய்வங்களை வணங்குபவர்கள், ஒரே படைப்பாளன்மீது சத்தியம் செய்ய முடியாதவர்கள் என்பது எதிர்த்தரப்பின் வாதம். 1886இல் லாகூர் லாட்ஜில் சேர்ந்த கிப்ளிங், பின்னர் எழுதிய ‘தாய் லாட்ஜ்’ கவிதையில் பல மதத்துச் சகோதரர்களை வரிசையாகச் சொல்கிறார். அதே கவிதையில் இன்னொரு தகவலும் உண்டு: சாதி கெட்டுவிடும் என்பதால் அந்த லாட்ஜில் விருந்து வைக்கவில்லை. ஒரே தரையில் உட்காரலாம், ஒரே இலையில் சாப்பிட முடியாது. அடுப்பங்கரையின் வாசல்வரை வந்து நின்றுவிட்ட சகோதரத்துவம் இது.

3

புதுச்சேரிக்குத் திரும்புவோம். இங்கே சகோதரத்துவத்தின் முதல் கட்டிடப் பிரச்சினை லாட்ஜில் எழவில்லை, கோயிலில் எழுந்தது. 1745 அக்டோபரில் ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கும் சம்பவம் பலருக்குத் தெரிந்திருக்கும். இங்கிருந்த மாதா கோயிலின் உள்ளே, சாதிக் கிறிஸ்தவர்களும் பறையர் கிறிஸ்தவர்களும் தனித்தனியே இருந்து பூசை காண ஒரு தடுப்புச் சுவர் இருந்தது. பறையர்கள் திரண்டு போய்ப் பாதிரியாரிடம் நியாயம் கேட்டார்கள். ஞானஸ்நானம் ஒன்றென்றால் சுவர் எதற்கு? பாதிரியார் சுவரை இடிக்கச் சொன்னார். சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்தார்கள். பிள்ளை இதை எழுதுகிற தொனியில் பறையர்கள்மீது பரிவு இல்லை. ஆனாலும் அவரது பிரதி நமக்கு ஒன்றைக் காப்பாற்றித் தந்திருக்கிறது: பிரெஞ்சுப் புரட்சிக்கு 44 ஆண்டுகளுக்கு முன்பே, ‘நாம் சகோதரர்கள் என்றால் இந்தச் சுவரை எடு’ என்று கட்டிடக் கலையின் மொழியிலேயே இங்கே ஒரு கோரிக்கை எழுந்திருக்கிறது. அதை எழுப்பியவர்கள் சேரியிலிருந்து வந்தவர்கள்.

1790இல் புரட்சியின் செய்தி கப்பலேறி வந்தது. புதுச்சேரியின் வெள்ளையர்கள் குடிமக்கள் சபை கூட்டினார்கள். தோப்பாசுகளுக்கு, அதாவது தொப்பியும் ஐரோப்பிய உடையும் அணிந்த கலப்பின, உள்நாட்டுக் கத்தோலிக்கர்களுக்கு, அந்தச் சபையில் இடம் தரப்படவில்லை. அவர்கள் விண்ணப்பம் எழுதினார்கள். நாங்களும் குடிமக்கள்தான் என்று வாதாடினார்கள். நிறமா, உடையா, பிறப்பா, எது சகோதரன் என்பதற்கான அடையாளம் என்ற விவாதம் இந்தச் சிறிய கடற்கரை ஊரில் அப்போதே நடந்தது. அதே பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சு மேசன்களின் லாட்ஜும் இங்கே இயங்கியது. சபையும் லாட்ஜும் வாய்க்காலுக்குக் கிழக்கே இருந்தவர்களின் விஷயம். மேற்கே இருந்தவர்களுக்குச் சகோதரர் என்றால் பங்காளி என்று மட்டுமே அர்த்தம்.

அந்த வாய்க்காலைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1761இல் ஆங்கிலேயர் ஊரைத் தரைமட்டமாக்கினார்கள். 1765இலிருந்து மறுபடி கட்டியபோது பழைய பிரிவினையும் சேர்த்தே கட்டப்பட்டது. கிழக்கே வெள்ளைப் பட்டணம்: உயர்ந்த மதில், வண்டி நுழையும் பெரிய வாயிற்கதவு, உள்ளே தோட்டம், அப்புறம்தான் தூண் வரிசையும் வீடும். மேற்கே தமிழர் பட்டணம்: தெருவின்மேலேயே மரத்தூண்களில் நிற்கும் தாழ்வாரம், திண்ணை, அதற்குப் பின்னே நடை, முற்றம். இரண்டு பக்கமும் அதே செங்கல், அதே சுண்ணாம்பு, தேக்கு உத்திரத்தின்மேல் சிறு செங்கலைக் குத்துக்கல்லாக அடுக்கிக் கட்டும் அதே மெத்தைத் தளம். இரண்டையும் கட்டியதும் அதே கொத்தனார்கள்தான். வேறுபட்டது வாசல். ஒன்று தெருவுக்கு முதுகைக் காட்டுகிறது. மற்றது தெருவுக்கு நிழல் தந்து, படிப்படியாகச் சாதி பார்த்து உள்ளே விடுகிறது. ‘திண்ணை திறந்த மனசு, மதில் மூடிய மனசு’ என்று நம்மாட்கள் கவிதை எழுதிவிடுவார்கள். உண்மையில் இரண்டுமே வடிகட்டிகள். மதில் ஒரே இடத்தில் நிறுத்துகிறது. திண்ணை நான்கு இடத்தில் நிறுத்துகிறது. அவ்வளவுதான் வித்தியாசம். புஸ்ஸி வீதி இந்த வாய்க்காலைக் குறுக்கே வெட்டிக்கொண்டு இரண்டு பட்டணத்துக்கும் போகிறது.

4

1873இல் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற வழக்கறிஞர் ஐரோப்பியச் சப்பாத்து அணிந்து புதுச்சேரி நீதிமன்றத்துக்குள் வந்தார். இந்தியர்கள் வெறுங்காலோடோ உள்நாட்டுச் செருப்போடோ வருவதுதான் வழக்கம் என்று நீதிபதி அவர்மீது நடவடிக்கை எடுத்தார். பொன்னுத்தம்பி விடவில்லை. வழக்கு பாரீசின் உச்ச நீதிமன்றம்வரை போனது. தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. வேடிக்கை என்னவென்றால், அவரைத் தடுத்தது இனவெறி மட்டுமல்ல, பிரெஞ்சு அரசு தந்திருந்த ஒரு ‘பாதுகாப்பு’ம்தான். இந்தியர்களை அவரவர் சாதி வழக்கப்படியே நடத்துவோம் என்று 1819இன் ஆணை உறுதி தந்திருந்தது. சாதிக்குப் பிரெஞ்சு அரசு போட்ட கையெழுத்து அது.

இந்தக் கையெழுத்திலிருந்து தப்பிக்க ஒரு கதவு 1881 செப்டம்பர் 21ஆம் தேதி ஆணையால் திறந்தது. எந்த இந்தியரும் தம் ‘சொந்தச் சட்டநிலை’யைத் துறந்து, ஒரு குடும்பப் பெயரை எடுத்துக்கொண்டு, பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வந்துவிடலாம். இவர்கள்தான் ‘ரெனோன்சான்’கள், துறந்தவர்கள். பொன்னுத்தம்பி முதலாவதாகத் துறந்தவர்களுள் ஒருவர். அவர் எடுத்துக்கொண்ட குடும்பப் பெயர் லாபோர்த். பிரெஞ்சில் அதற்குக் ‘கதவு’ என்று பொருள். சப்பாத்துக்காக வாசலில் நிறுத்தப்பட்டவர் தன் பெயரையே கதவாக்கிக்கொண்டார். இதைவிடக் கூர்மையான ஒரு பகடியை நம்முடைய பின்நவீனத்துவர்கள் எவரும் எழுதிவிடவில்லை.

யார் துறந்தார்கள்? மிகுதியும் கிறிஸ்தவர்களும் தாழ்த்தப்பட்ட சாதியினரும். யார் எதிர்த்தார்கள்? நெடுங்காலம் இந்த ஊர் அரசியலைக் கையில் வைத்திருந்த சண்முக வேலாயுத முதலியாரும் அவரைச் சேர்ந்த சாதி இந்துக்களும். துறப்பதற்கு எதுவும் இல்லாதவர்கள் துறந்தார்கள், துறக்க நிறைய இருந்தவர்கள் மறுத்தார்கள் என்று சுருக்கமாகச் சொல்லலாம். ஆனால் கதவைத் திறந்த குடியரசு உடனே ஒரு தடுப்பையும் வைத்தது. 1884இல் வாக்காளர்களை மூன்று பட்டியலாகப் பிரித்தார்கள்: ஐரோப்பியர், ரெனோன்சான்கள், மற்ற இந்தியர். பிற்பாடு மூன்று இரண்டானது. பட்டியல்கள் ஒன்றானது 1945இல்தான். 1745இல் கோயிலுக்குள் இடிந்த சுவர் வாக்குச் சாவடிக்குள் மறுபடி முளைத்தது.

5

இந்தப் பின்னணியில்தான் சொல்தாக்களின் கூடத்தைப் பார்க்க வேண்டும். ‘ஃபுவாயே த்யூ சொல்தா’ என்ற பெயரும் ஏற்பாடும் முதல் உலகப்போர்க் காலத்துப் பிரான்சில் பிறந்தவை. பதுங்குகுழிகளிலிருந்து திரும்பும் சிப்பாய்க்கு ஒரு நாற்காலி, சூடாக ஏதாவது குடிக்க, வீட்டுக்குக் கடிதம் எழுத ஒரு மேசை. ஒய்.எம்.சி.ஏ.வும் பிரெஞ்சு ராணுவமும் சேர்ந்து இப்படிப் பல கூடங்களை நடத்தின. அந்தப் போருக்குப் புதுச்சேரியிலிருந்தும் ஆட்கள் போனார்கள். கடற்கரைச் சாலையில் நிற்கும் போர் நினைவுச் சின்னம் அவர்களுக்கானது. 1938 ஏப்ரல் 3 அன்று திறந்து வைக்கப்பட்டது. 1940 செப்டம்பரில் ஆளுநர் போன்வென் தெகோலின் பக்கம் சேர்ந்தார். மறுபடி ஆட்கள் போனார்கள். பிறகு இந்தோசீனா, 1954வரை. அப்புறம் அல்ஜீரியா, 1962வரை.

மேசன் லாட்ஜோடு ஒப்பிட்டால் ஃபுவாயேயின் கதவு முற்றிலும் வேறு. இங்கே வாளேந்திய காவலர் இல்லை, ரகசியக் கைகுலுக்கல் இல்லை. ராணுவச் சேவைக் காகிதம்தான் நுழைவுச் சடங்கு. கோத்திரம் கேட்காத காகிதம். வாய்க்காலுக்கு மேற்கேயிருந்தும் ஊருக்கு வெளியே சேரியிலிருந்தும் புறப்பட்டுப் போனவன், நெஞ்சில் பதக்கத்தோடு திரும்பி, பிரெஞ்சுப் பெயர் எழுதிய கூடத்தில் நாற்காலியில் உட்காரலாம். கோயிலின் சுவரும், சபையின் நிறமும், லாட்ஜின் சத்தியமும், நீதிமன்றத்தின் செருப்பும் தடுத்த இடத்தில், காகிதம் உள்ளே விட்டது. கதவைத் தாண்டியதும் சாதி செத்துவிட்டது என்று சொல்ல வரவில்லை; அது அவ்வளவு லேசில் சாகிற ஜென்மம் அல்ல. ஆனால் நுழைவின் விதி சாதியைக் கேட்கவில்லை என்பது இந்த ஊரின் கூடங்களின் வரலாற்றில் சின்ன விஷயமல்ல.

சரி, அந்தக் காகிதத்துக்கு என்ன விலை? இங்கேதான் நாம் சங்கடப்பட வேண்டியிருக்கிறது. சேரியிலிருந்து போனவன் தன் சுயமரியாதையை வாங்கிய இடம் வியட்நாமியக் குடியானவனின் வயல். அல்ஜீரியாவில் ஃபனான் எந்த மக்களின் பக்கம் நின்று எழுதினாரோ, அந்த மக்களை எதிர்த்து நின்ற படையில் நம் ஊர்க்காரர்களும் இருந்தார்கள். சைகோனில் போலீசாகவும் காவலாளியாகவும் வரி வசூலிப்பவராகவும் புதுச்சேரிக்காரர்கள் முன்னரே இருந்தார்கள். ஒரு காலனியின் விளிம்புநிலை மனிதன் இன்னொரு காலனியில் அதிகாரத்தின் கையாகிறான். இதைத் துரோகம் என்று தேசியவாதி ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். அந்த வார்த்தையைச் சொல்லும் உரிமை அவருக்கு எங்கிருந்து வருகிறது? அவருடைய தெருவில், அவருடைய கோயிலில், அவருடைய அடுப்பங்கரையில் இந்த மனிதனுக்கு நாற்காலி இருந்ததா? மறுபக்கம், ‘விடுதலை’ என்று இதைக் கொண்டாடவும் முடியாது. அடுத்தவன் வீட்டை எரித்துக் குளிர் காய்ந்த கணப்பு அது. இரண்டையும் ஒருசேரப் பிடித்துக்கொண்டு யோசிப்பதுதான் நமக்கு இன்னும் பழகவில்லை.

இன்னொரு தேதியையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். 1936 ஜூலை 30 அன்று இதே ஊரில் வேலைநிறுத்தம் செய்த பஞ்சாலைத் தொழிலாளர்கள்மீது பிரெஞ்சு நிர்வாகத்தின் துப்பாக்கிகள் சுட்டன. 12 பேர் செத்தார்கள். வ. சுப்பையா முன்னின்ற அந்தப் போராட்டத்தின் பலனாக 1937இல் எட்டு மணி நேர வேலை சட்டமானது. அதற்கு அடுத்த ஆண்டுதான் கடற்கரையில் போர் நினைவுச் சின்னம் திறக்கப்படுகிறது. ஒரே அரசு இரண்டு வருட இடைவெளியில் ஒரு சாவைச் சுட்டது, இன்னொரு சாவுக்குப் பளிங்கு வைத்தது. இப்போதும் ஜூலை 14இல் பதக்கம் அணிந்த முதியவர்கள் கடற்கரையில் மலர்வளையம் வைக்கிறார்கள், ஜூலை 30இல் தொழிற்சங்கத்தினர் செங்கொடியோடு தியாகிகள் நினைவிடத்துக்குப் போகிறார்கள். இரண்டும் சகோதரத்துவத்தின் பெயரால் நடப்பவை. நடுவே பதினாறு நாள்.

6

1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். நவம்பர் 1இல் ஆட்சி கைமாறியது. சட்டபூர்வமான மாற்றம் 1962 ஆகஸ்ட் 16இல். அன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம், கொடுக்காவிட்டால் இந்தியர். சுமார் 5,000 பேர் எழுதிக் கொடுத்தார்கள். மறுபடியும் ஒரு காகிதம், மறுபடியும் ஒரு கதவு. ஒரே தாய் வயிற்றில் பிறந்தவர்களில் ஒருவர் எழுதிக் கொடுத்திருப்பார், மற்றவர் ‘எதுக்குப்பா வம்பு’ என்று விட்டிருப்பார். இருபது வருடம் கழித்து அண்ணன் வீடு மெத்தை வீடு, தம்பி வீடு கூரை வீடு. சகோதரத்துவத்தின் ஆவணம் சகோதரர்களைப் பிரித்த கதை இது. பிரெஞ்சு ‘நாசியோனாலித்தே’ கல்யாணச் சந்தையில் நகைக்கும் நிலத்துக்கும் மேலான சீராக ஆனதும் இதன் தொடர்ச்சிதான்.

சகோதரர்களுக்குள் யார் குறைந்த சகோதரர் என்பதைப் பிரான்சு வேறிடத்தில் இன்னும் பச்சையாகச் சொன்னது. 1959 டிசம்பரில் இயற்றிய ஒரு நிதிச் சட்டத்தின் மூலம், விடுதலையடைந்த காலனிகளின் குடிமக்களாகிவிட்ட பழைய வீரர்களின் பென்ஷனை இருந்த தொகையிலேயே உறைய வைத்தது. செனகல்காரனுக்கும் அல்ஜீரியாக்காரனுக்கும் விலைவாசி ஏறினாலும் பென்ஷன் ஏறாது. 2006க்குப் பிறகுதான், ‘உள்நாட்டார்’ என்ற பொருள்படும் பெயரில் வந்த ஒரு திரைப்படம் எழுப்பிய விவாதத்தையும் ஒட்டி, அது பெருமளவுக்குச் சரிசெய்யப்பட்டது. ஒரே குழியில் கிடந்தவர்களுக்கு இரண்டு விலை.

இந்தக் கூடத்தின் கணக்கில் பெண்களுக்கு ஒரே ஒரு வழிதான் இருந்தது: விதவையாவது. கணவனின் பதக்கமும் புத்தகமும் போனபின் பென்ஷன் பாக்கி இருக்கும். அதை வாங்க அவள் உயிரோடு இருக்கிறாள் என்று காகிதம் காட்ட வேண்டும். பிரெஞ்சு தெரியாத, பலசமயம் எந்த எழுத்தும் தெரியாத பெண்கள், பிரெஞ்சுக் குடியரசோடு நேருக்கு நேர் நடத்திய இந்த உறவைப் பற்றி நம்மிடம் என்ன எழுத்து இருக்கிறது? சகோதரத்துவம் என்ற சொல்லிலேயே சகோதரி இல்லை என்று சொன்னால் சொல் விளையாட்டாகத் தோன்றலாம். பென்ஷன் வரிசையில் நின்று பார்த்தால் விளையாட்டாகத் தெரியாது.

7

புதுச்சேரியில் இப்போது ‘பாரம்பரியம்’ என்ற சொல்லாடல் ஓங்கியிருக்கிறது. 1870களில் முடிந்த மேரி கட்டிடம், நகராட்சி மன்றம், 2014 நவம்பர் 29 அன்று மழையில் இடிந்து விழுந்தது. பழைய உருவத்திலேயே அதை மறுபடி எழுப்பி 2021இல் திறந்தார்கள். நல்லதுதான். தமிழர் பட்டணத்தில் வைசியாள் வீதியின் சீரமைப்புக்கு 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் விருது கிடைத்தது. அதுவும் நல்லதுதான். ஆனால் நாம் காப்பாற்றுவது எப்போதும் முகப்பை. மஞ்சள் சுண்ணாம்பு, வெள்ளைக் கரை, மரச் சன்னல் பலகை, புகைப்படத்துக்கு நிற்க ஒரு மூலை. கதவு காப்பாற்றப்படுகிறது; அந்தக் கதவு யாரை நிறுத்தியது, யாரை விட்டது, எந்த விலைக்கு விட்டது என்பது காப்பாற்றப்படுவதில்லை.

சொல்தாக்களின் கூடத்துக்கு இந்த ஆபத்து மற்றவற்றைவிட அதிகம். கோயிலுக்குப் புதிய விசுவாசிகள் பிறப்பார்கள். மேசன் லாட்ஜுக்குப் புதிய சகோதரர்கள் சேர்வார்கள். 1961 முதல் இந்தியாவுக்கென்று தனி கிராண்ட் லாட்ஜே இருக்கிறது. இந்தோசீனாவுக்குப் போனவனுக்கு வாரிசு கிடையாது. மகன் பென்ஷனைப் பற்றிச் சொல்வான், பேரன் பாரீசின் புறநகரிலிருந்து தொலைபேசியில் பேசுவான். அங்கே என்ன செய்தோம், யாரைப் பார்த்துச் சுட்டோம், திரும்பி வந்தபோது தெருவில் யார் முதன்முறையாக ‘வாங்க’ என்றார்கள் என்பதைச் சொல்ல அந்தத் தலைமுறையில் மிச்சமிருப்பவர்கள் மிகச் சிலர். பதக்கத்தைப் பற்றி ஆவணக் காப்பகங்களில் பிரெஞ்சில் எழுதியிருக்கும். ‘வாங்க’ என்ற சொல் எந்த ஆவணத்திலும் இருக்காது.

ஆகவே வேலை தெளிவாக இருக்கிறது. சொல்தா வீடுகளின் பேச்சுத் தமிழை, அதிலும் விதவைகளின் பேச்சை, பதிவு செய்ய வேண்டும். அதைத் தேசத் துரோகத்தின் வாக்குமூலமாகவும் இல்லை, பிரெஞ்சு நாகரிகத்துக்கு நன்றிக் கடிதமாகவும் இல்லை, 1745இல் கோயில் சுவரின் முன் எழுந்த அந்தக் கேள்வியின் தொடர்ச்சியாக வாசிக்க வேண்டும். அவர்கள் கேட்டது ஒரு கூடமும் அதில் ஒரு நாற்காலியும். அதை இந்த மண்ணின் எந்த வீடும் தராதபோது ஒரு பேரரசு தந்தது, ரத்தத்தில் விலை வாங்கிக்கொண்டு. பேரரசு போய்விட்டது. நாற்காலியைப் பற்றிய கேள்வி நம் வாசலில் அப்படியே இருக்கிறது.